சாட்சிக்கு எடுத்த காசு

திருமங்கலம்
3 டிசம்பர் 2025

சோணைக்கு, மலையம்மாள் எழுதுவது.

உறையைப் பிரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காராதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை கொஞ்சம், முட்டி வலி கொஞ்சம், அம்புட்டுத்தான். கண்ணாடி போட்டால் இன்னும் ஊசியில் நூல் கோர்க்கிறேன்.

முப்பத்தோரு வருஷமாகக் கூடப்பிறந்தவளோடு பேசாதவள் இப்போது எப்படி எழுதுகிறாள் என்று கேட்பாய். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் நான் செய்த சத்தியம் ஒரு சொல் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. "என் தங்கச்சிகிட்டப் பேச மாட்டேன், அவ வாசப்படி மிதிக்க மாட்டேன், அவ கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்." மூன்றுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் போன் கூடாது, கடிதாசி கூடும். மூணாங்கிளாஸோடு நிறுத்தப்பட்டவள் எழுத்து. நீ எட்டு வரைக்கும் படித்தவள், நான் நாற்று நட்ட கூலியில் படித்தவள், நிதானமாகக் கூட்டிப் படித்துக்கொள்.

போன வாரம் உன் மகன் முத்துப்பாண்டி பத்திரிகை கொண்டு வந்தான். அவன் மகள் பவதாரிணிக்கு ஜனவரி இருபத்தெட்டில் கல்யாணம் என்றான். "பெரியம்மா, நம்ம குடும்பத்துல மூத்தது நீங்கதான். மொத ஆளா நீங்கதான் பிள்ளைக்குத் துன்னூறு பூசணும்" என்று காலில் விழுந்தான். பிள்ளையை நல்லபடியாக வளர்த்திருக்கிறாய், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நான் விடவில்லை. "ஒங்க ஆத்தா எங்கம்மா காசை மாத்துனது நிசம்னு ஒத்துக்கிறட்டும், வாரேன்" என்றேன். அவன் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். காப்பிகூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விஷயம் நடந்தது. அதை இப்போது சொல்ல மாட்டேன். முதலில் நான் கேட்பதற்குப் பதில் எழுது.

தொண்ணூத்தி நாலு ஆவணியில், அம்மா கருமாதி அன்று, உன் வீட்டுக் கூடத்தில் அத்தனை சொந்தமும் இருக்க, அம்மாவின் பையை அவிழ்த்துக் கொட்டினாய். பன்னிரண்டு வெள்ளி ரூபாய். நான் கண்ட நாளில் பால்வெள்ளையாக இருந்தவை, கறுப்பும் கருநீலமுமாகக் கிடந்தன. பதினொன்றை உன் மடியில் வீசிவிட்டு, ஒன்றைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பதினொன்றும் எங்கே? விற்றாயா, உருக்கினாயா? இருந்தால் இப்போது என்ன நிறத்தில் இருக்கின்றன? யாரையும் தொட விடாதே. புளி, சாம்பல், பல்பொடி ஒன்றும் பக்கத்தில் போகக் கூடாது. காரணம் கேட்காதே.

மலையம்மாள்

*

பசுமலை
9 டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் மேலான கடிதம் நான்கு நாள் அலைந்து என் கைக்கு வந்தது. உறையில் 'டீக்கடைச் சந்து' என்று எழுதியிருக்கிறாய். அந்த டீக்கடையை இடித்து இருபது வருஷம் ஆகிறது. புதுத் தபால்காரப் பெண் தெருத் தெருவாகக் கேட்டிருக்கிறாள். பழைய ஆயா ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்று யாரோ அடையாளம் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அக்கா, கருப்பணசாமி கடிதாசி படிக்க மாட்டார் என்று உனக்கு யார் சொன்னது?

மகன் அன்றைக்கு உன் வீட்டிலிருந்து வந்து, "பெரியம்மா நல்லாருக்காக, வரப் பாக்குறேன்னாக" என்று மட்டும்தான் சொன்னான். மற்றதை நீயே எழுதித் தந்துவிட்டாய். நல்லது. கடைசி ஒன்பது வருஷம் அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றி, கால் பிடித்துவிட்டு, கண்ணை மூடிவிட்டவள் நான். பதினாறாம் நாள் கூட்டத்தில் நீ எழுந்து, "வெள்ளிய வித்துத் தின்னுட்டு ஈயத்தக் கட்டி வச்சிருக்கா கள்ளி" என்றாய். அந்த ஒரு சொல்லோடுதான் நான் இந்தத் தெருவில் முப்பத்தோரு வருஷம் நடக்கிறேன். பவதாரிணிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அந்த வீட்டுக் கிழவி ஒருத்தி, "காசு விவகாரம் ஒண்ணு இருந்துச்சுல்ல?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

விற்கவில்லை. உருக்கவில்லை. பதினொன்றும் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. என்ன நிறம் என்று கேட்டிருக்கிறாய். வெள்ளை. நீ கேட்ட அதே பால்வெள்ளை.

எப்படி வெள்ளையாயிற்று என்று தெரிந்துகொள். அன்றைக்கு நீ கத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாய், சாயங்கால பஸ்ஸுக்கு. நான் பின்கட்டில் உட்கார்ந்தேன். புளியும் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்தேன். கை எரிய எரிய, பதினொன்றையும் தேய்த்தேன். கறுப்பு போனதும் ராணியும் ராஜாவும் பளிச்சென்று வந்தார்கள். ஈரம்கூடத் துடைக்காமல் மடியில் அள்ளிக்கொண்டு ஸ்டாப்புக்கு ஓடினேன். "பாருக்கா, வெள்ளிதான், பாருக்கா" என்று சொல்ல ஓடினேன். பஸ் கிளம்பிவிட்டது. நீ ஜன்னலோரத்தில் இருந்தாய். என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அந்த ஜன்னலோரம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே. ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. இப்போதும் மதுரைக்குப் போகும்போது பசுமலை ஸ்டாப் வந்தால் நீ முகத்தை மறுபக்கம் வைத்துக்கொள்வது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. பள்ளிக்கூட வாசலிலிருந்து எத்தனை தடவை உன் கொண்டையைப் பார்த்திருக்கிறேன். கறுப்பாக இருந்தபோதும் பார்த்தேன், வெளுத்த பிறகும் பார்த்தேன்.

காரணம் கேட்காதே என்கிறாய். கேட்கிறேன். முப்பத்தோரு வருஷம் கழித்து இப்போது என்ன?

சோணையம்மாள்

*

திருமங்கலம்
13 டிசம்பர் 2025

அடிப்பாவி! தேய்த்துவிட்டாயா? பதினொன்றையுமா?

உன் கடிதாசியைப் படித்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மருமகள் ஓடி வந்து, "என்னத்தே, யாரும் தவறிட்டாகளா?" என்றாள். "ஆமா, பதினோரு பேரு" என்றேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

முத்துப்பாண்டி வந்துபோன மறுநாள் என் பேரன் அருண்பாண்டியைக் கூட்டிக்கொண்டு திருப்பரங்குன்றம் போனேன். அங்கே கல்யாணராமன் என்று ஒரு வாத்தியார் இருக்கிறார், ரிட்டயர் ஆனவர். நாற்பது வருஷமாகப் பழைய காசு சேர்க்கிறார், வாங்கி விற்கவும் செய்கிறார். எதற்குப் போனேன் என்பதை மறைக்கவில்லை. சாகுமுன் என் வாக்கு நிசம் என்று தெரிந்தவர் வாயால் கேட்க வேண்டும், அதற்குத்தான் போனேன். அவரிடமே சொன்னேன்: "ஐயா, இது கள்ளக்காசுதான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

சின்னத் தராசில் நிறுத்தார். காந்தம் வைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சீட்டு எழுத முடியாதும்மா. இது அசல் வெள்ளி. விக்டோரியா ராணி காசு" என்றார்.

"அசல்னா ஏன்யா இம்புட்டுக் கறுப்பு?"

"கறுப்புன்னு யார் சொன்னா? இப்படி வெயில் பக்கம் வந்து சாய்ச்சுப் பாருங்கோ."

ஜன்னல் வெயிலில் சாய்த்தேன். சோணை, முப்பத்தோரு வருஷம் அதை மாத்திரை டப்பாவில் தாள் சுற்றி வைத்திருந்தேன். உன்னைத் திட்ட வேண்டுமென்று தோன்றும்போதெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் வெயிலில் காட்டியதில்லை. ஓரத்தில் மயில்கழுத்து நீலம். அதற்கு உள்ளே ஊதா. அதற்கும் உள்ளே செம்பு. ராணி கன்னத்தில் பொன். காசைக் கொஞ்சம் திருப்பினால் நிறமும் கூடவே நகர்கிறது. முகூர்த்தப் பட்டு மாதிரி.

"வெள்ளி மேல காத்து பட்டுப் பட்டு தானா ஏறுற நிறம்மா இது. பக்கத்துல கந்தகம் கலந்த பொருள் ஏதாவது இருந்தா இன்னும் நன்னா ஏறும். கந்தகம் தடவி அனல்ல வாட்டி, ஒரே நாள்ல நிறமேத்தி ஏமாத்தறவாளும் உண்டு. அது திட்டுத் திட்டா மேலாப்புல நிக்கும், ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் உறவே இருக்காது. இது பாருங்கோ, ஓரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு நிறமா உள்ளே போயிருக்கு. இருபது முப்பது வருஷம் யாரும் கை வைக்காம இருந்தாத்தான் இப்படி வரும்" என்றார்.

"எங்கம்மா பேறு பாக்குறவ. மருந்துப் பெட்டியிலதான் காசு கிடக்கும். பெருங்காயம், பூண்டு, ஓமம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "பெருங்காயத்துல கந்தகம் இருக்கும்மா."

அருண்பாண்டி சும்மா இருப்பானா? விலை கேட்டான். இதே ராணி காசைத் தேய்த்து வெள்ளையாக்கிக் கொண்டுவந்தால் வெள்ளி எடைக்கு மேல் கொஞ்சம்தான் கிடைக்குமாம். தேய்த்தால் மேல்தோலே போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார். இந்த ஒன்றுக்கு அப்போதே பன்னிரண்டாயிரம் தருகிறேன் என்றார். பயல் என் காதில், "அப்பத்தா, குடுத்துருவோம்" என்றான். "சாட்சிய எவனாச்சும் விப்பானாடா?" என்றேன்.

நான் உன்னைக் கள்ளி என்று சொல்வதற்காக அதைத் தொடாமல் வைத்திருந்தேன். அதனால் அது பிழைத்தது. நீ கள்ளி இல்லை என்று காட்டத் தேய்த்தாய். அதனால் உன்னுடையது போயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஒன்று பாக்கி. வாத்தியார் சொன்னால் மட்டும் நான் நம்புகிறவளா? "அசலாவே இருக்கட்டும், எங்கம்மா காசுன்னு என்ன நிச்சயம்? வேற அசல வச்சு மாத்தியிருக்கலாம்ல?" என்றேன். அவர் பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். "நிறத்துக்கு அடியில பாருங்கோ. மெல்லிசா கீறல் தெரியறதா? நிறம் ஏறறதுக்கு முன்னாடியே யாரோ தேய்ச்சிருக்கா. வட்டம் வட்டமா. அது மட்டும் இல்லேன்னா விலை இன்னும் ஒரு மடங்கு இருக்கும்."

பார்த்தேன். ராணியின் காதுக்குக் கீழே, நீலத்துக்கு அடியில், பொடிப் பொடி வட்டம்.

உனக்கு நினைவிருக்கும். பெட்டியில் கிடக்கிற காசு வருஷத்துக்கு ஒரு தடவை லேசாகப் பழுப்பேறும். பொங்கலுக்கு முந்தின நாள் அம்மா அதை என் முன்னால் கொட்டுவாள். ஏழு வயசிலிருந்து கல்யாணம் வரைக்கும் நான்தான் தேய்த்தேன். "நேராத் தேயிடி, நேராத் தேயி" என்று தலையில் குட்டுவாள். எனக்கு அம்மியில் அரைக்கிற மாதிரி வட்டமாகத்தான் கை போகும். அது என் கை, சோணை. என் ஏழு வயசுக் கை.

எந்தக் காசு என்று சொல்லவில்லையே. விளிம்பில் சின்னக் கொத்து விழுந்த ராணி. கணக்குப்பிள்ளை வீட்டு மூத்த மகனைப் பிறப்பித்ததற்கு வந்தது. அம்மா ஒன்பது மாத வயிற்றோடு நடந்து போய் அந்தப் பேறு பார்த்தாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நீ பிறந்தாய். எனக்கு அப்போது ஐந்து வயசு. அதை 'சோணை காசு' என்று அம்மா சொல்வாள். அன்றைக்குக் கூட்டத்தில் கைக்கு வந்ததை எடுத்தேன். வீட்டுக்கு வந்துதான் கொத்தைப் பார்த்தேன், அதையும் அதே மாதிரி நீ வெட்டி வைத்திருக்கிறாய் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

வாத்தியார் வீட்டிலிருந்து வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் உனக்கு முதல் கடிதாசி எழுதினேன். அதிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். கை வரவில்லை.

ஆனாலும் இரண்டு கேள்வி இருக்கிறது. நான் போன பிறகு அம்மா ஏன் அவற்றைத் தேய்க்கவில்லை? நீ வீட்டில்தானே இருந்தாய்? இன்னொன்று, காசின் பின்பக்கத்தில் பொடிப் பொடியாகத் துணி இழை பதிந்திருக்கிறது. துணியோடு ஒட்டிப் பல வருஷம் கிடந்தால் அப்படித்தான் இழை வாரியாக நிறம் பிடிக்கும் என்றார் வாத்தியார். நான் இருந்த வரைக்கும் பை கிடையாது, பெட்டியில் சும்மாதான் கிடந்தன. அந்தப் பை எப்போது வந்தது?

மலையம்மாள்

*

பசுமலை
20 டிசம்பர் 2025

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பவதாரிணி, "என்ன அப்பத்தா, லவ் லெட்டரா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாயிரம் போனதற்கு நான் அழவில்லை. பதினொன்றால் பெருக்கி முத்துப்பாண்டிதான் கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சிரித்தேன். அன்றைக்குத் தேய்த்தபோது ஒரு தடவை தண்ணீரில் முக்கி எடுத்தேன், ஒரு காசு வெயிலில் நீலமாக மின்னியது. மீன் வயிறு மாதிரி. ஒரு நிமிஷம் கை நின்றது. அப்புறம் உன் குரல் காதில் கேட்டது. தேய்த்துவிட்டேன்.

இப்போது உன் இரண்டு கேள்விக்கு வருகிறேன். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அது எனக்கு ஐம்பத்தைந்து வருஷமாகத் தெரியும்.

எழுபதில் உனக்குக் கல்யாணம். அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள், நான் விடிகாலையிலேயே குளித்துவிட்டு, புளி கரைத்து, சாம்பல் சலித்து, பின்வாசலில் தயாராக உட்கார்ந்தேன். பதினைந்து வயசு. இனி என் முறை என்று எம்புட்டுச் சந்தோஷம். நேராகத் தேய்த்துக் காட்டி அம்மாவிடம் பேர் வாங்க வேண்டுமென்று இருந்தேன். அம்மா பெட்டியைத் திறந்தாள், காசுகளைக் கையில் எடுத்தாள். என் பக்கம் நீட்டவே இல்லை.

"குடும்மா, நான் தேய்க்கிறேன்" என்றேன்.

"வேணாம்டி. மூத்தவ தேய்ச்சது. அவ கைபட்டது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

நீ போகும்போது கொடியில் ஒரு தாவணி விட்டுப் போனாய், நீலத்தில் மஞ்சள் கரை போட்டது. அதில் ஒரு முழம் கிழித்து, அன்றைக்கே அம்மா பை தைத்தாள். பன்னிரண்டையும் அதில் போட்டுச் சுருக்கி, மருந்துக்கு நடுவில் வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுப்பாள், அவிழ்ப்பாள், எண்ணிப் பார்ப்பாள், கட்டி வைப்பாள். வருஷா வருஷம் நிறம் மாறிக்கொண்டு வந்தது. முதலில் தேன் மாதிரி, பிறகு செம்பு மாதிரி, பிறகு ஊதா. அம்மா ஒரு தடவைகூட ஐயோ கறுக்கிறதே என்று சொன்னதில்லை. என்னோடு இங்கே வந்து இருந்த ஒன்பது வருஷமும் அந்தப் பை அவள் தலைமாட்டில்தான்.

கருமாதி அன்று நீ, "ஏன்டி கறுத்துச்சு? சொல்லு, ஏன் கறுத்துச்சு?" என்று கேட்டாய். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. நீ போட்ட கூச்சலுக்குப் பயந்து இல்லை. கஞ்சி ஊற்றினது நான், மலம் அள்ளினது நான். அம்மா தலைமாட்டில் வைத்துப் படுத்தது நீ தேய்த்த காசை. அதை என் வாயால் அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? அதைவிடக் கள்ளி என்கிற பேர் பரவாயில்லை என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. நான் வாயடைத்து நின்றதைப் பார்த்துத்தான் கூட்டமும் உன்னை நம்பியது.

ஆக, நீ சொன்ன பழி பொய். ஆனால் நான் ஒன்றுமே ஒளிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அம்மா உனக்கென்று வைத்திருந்ததை உன்னிடம் சொல்லாமல் நான்தான் வைத்துக்கொண்டேன்.

பை இன்னும் இருக்கிறது. நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. சுருக்கை விரித்தால் மடிப்புக்குள் மட்டும் நீலம் இருக்கிறது. அன்றைக்கு நீ காசைத்தான் பார்த்தாய், பையைப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் நீ வர மாட்டாய் என்று தெரியும். தேதி உனக்குத் தெரியும்.

சோணை

*

திருமங்கலம்
29 டிசம்பர் 2025

சோணை,

அந்தத் தாவணி துவைத்துப் போட்டு ஈரம் காயவில்லை. வண்டி வந்து நிற்கிறது, எல்லாரும் அவசரப்படுத்துகிறார்கள், அதனால் கொடியிலேயே விட்டுவிட்டு ஏறினேன். பொங்கல் கழித்து ஆள் அனுப்பிக் கேட்டேன். "அது கிழிஞ்சு போச்சுன்னு சொல்லு" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். புதுத் தாவணி அது, எப்படிக் கிழியும்? உனக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த வருஷம் ஆடிக்கு நான் வீட்டுக்கு வரவில்லை, ஞாபகமிருக்கிறதா? அதற்குத்தான் வரவில்லை. அந்தக் கோபத்தை இதுவரைக்கும் எவரிடமும் சொன்னதில்லை. அம்மா செத்தபோதுகூட ஒரு ஓரத்தில் அது இருந்தது.

எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நான் பார்த்ததெல்லாம் ஞாபகமிருக்கிறது. நான் பார்க்காதபோது என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

உன் கடிதாசியை அருண்பாண்டியைவிட்டு இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை அவனை அனுப்பிவிட்டு நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றியவள் நீ. நான் தேய்த்த காசு தலைமாட்டில் இருந்தது, நீ காலடியில் இருந்தாய். அவளுக்குத் தாகமெடுத்தபோது காசு எழுந்து தண்ணீர் கொடுக்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

நான் உன்னைச் சொன்னது தப்பு. எழுதிவிட்டேன். கடிதாசியில் எழுதினால் போதாது என்றும் தெரியும். கூட்டத்தில் போட்ட பழியைக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும். பவதாரிணி கல்யாணத்தில் தாலி ஏறுமுன் நான் எழுந்து சொல்வேன். மைக் வேண்டாம், என் தொண்டை போதும். மாப்பிள்ளை வீட்டுக் கிழவியை முதல் வரிசையில் உட்கார வை.

அதற்கு முன்னால் சத்தியம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாலும் உன்னிடம் வாய் திறக்க முடியாது. அருண்பாண்டியை அழகர்கோயிலுக்கு அனுப்பிக் கேட்டுவரச் சொன்னேன். சத்தியம் செய்தவளும், யார் பேரில் செய்தாளோ அவளும் சேர்ந்து வந்து, கருப்பாக நிற்கிற அந்தப் படிவாசல் கதவுக்குச் சந்தனம் சாத்தி, தெரியாமல் சொன்னதைப் பொறுத்துக்கொள் என்று கும்பிட வேண்டுமாம். இரண்டு பேரும் வர வேண்டுமாம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குச் சத்தியம் செய்ய நான் ஒருத்தி போதும், இன்றைக்கு எடுக்க மட்டும் இரண்டு பேர் வேண்டுமாக்கும்.

ஜனவரி ஒன்பது, வெள்ளிக்கிழமை. காலை ஏழரை பஸ்ஸுக்குத் திருமங்கலத்தில் ஏறுகிறேன். எட்டு மணி சுமாருக்குப் பசுமலை ஸ்டாப் வரும். இந்தத் தடவை முகத்தைத் திருப்ப மாட்டேன். பக்கத்துச் சீட்டில் முந்தானையைப் போட்டு வைத்திருப்பேன். நீ ஏறி உட்கார். பெரியார் ஸ்டாண்டில் இறங்கி அழகர்கோயில் பஸ் மாற வேண்டும். படிவாசல் வரைக்கும் என்னிடம் ஒன்றும் கேட்காதே, நான் பதில் சொல்ல முடியாது. நீயாக ஏதாவது பேசிக்கொண்டு வந்தால் காது கேட்கும்.

பையைக் கொண்டு வா. பதினொன்றையும் எடுத்து வா. நான் சோணை காசைக் கொண்டு வருகிறேன். பன்னிரண்டையும் அந்தப் பையிலேயே போட்டுப் பவதாரிணி கையில் கொடுத்துவிடுவோம். வாத்தியாரிடம் கேட்டேன், தேய்த்த பதினொன்றும் திரும்ப நிறம் பிடிக்குமா என்று. பிடிக்குமாம், பழைய விலை வராதாம். முப்பது நாற்பது வருஷம் ஆகுமாம். ஆகட்டும். அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், நீயும் இருக்க மாட்டாய். அவள் பார்ப்பாள். பொங்கலுக்குப் பொங்கல் அவிழ்த்துப் பார்க்கட்டும். தேய்க்கக் கூடாது. அதை மட்டும் சொல்லி வை. பெருங்காயக் கட்டி ஒன்று நான் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. போகும்போது நான் தண்ணீர் கொண்டு வர மாட்டேன். திரும்பும்போது தாகத்தோடுதான் வருவேன். நீ கொண்டு வா.

அக்கா

*

பசுமலை
5 ஜனவரி 2026

அக்கா,

வாரேன்.

பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டு வருகிறேன், அம்மாவுடையது. அதையும் முப்பத்தோரு வருஷமாகத் தேய்க்கவில்லை என்று நினைத்துவிடாதே. நேற்றுத்தான் புளி போட்டுத் தேய்த்தேன். நேராகத்தான் தேய்த்தேன்.

பையைத் துவைக்கவில்லை. காசு பதினொன்றும் எடுத்து வைத்தாயிற்று. பவதாரிணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்பத்தா, பிள்ள பெத்தவ ரூம் மாதிரி மணக்குது" என்றாள். அவளுக்கு அம்மாவைத் தெரியாது.

எட்டு மணிக்கு ஸ்டாப்பில் நிற்பேன். நீ பேச வேண்டாம். நான் பேசிக்கொண்டு வருகிறேன், முப்பத்தோரு வருஷத்துக்கு நிறைய இருக்கிறது.

முந்தானையைப் பக்கத்துச் சீட்டில் போட்டு வைக்காதே. நீ அந்தச் சீட்டுக்கு நகர்ந்துகொள். ஜன்னலோரம் எனக்கு. படிவாசல் வரைக்கும் நீ வாய் திறக்கக் கூடாது, அதனால் மாட்டேன் என்றும் சொல்ல முடியாது.

சோணை